பாக்கியத்தக்காவின் மீனில் இருந்த புழு

ஐஸில் விறைத்துக் கிடந்த பாறை மீனின் வயிற்றைக் கீறியதும் எழும் உப்பு வாடையும், உள்ளே குடல் சுவரில் கடிகார வில் போலச் சுருண்டிருந்த வெள்ளைப் புழு என் உள்ளங்கைச் சூட்டில் மெல்லப் பிரிந்து நெளிந்த குறுகுறுப்பும், எழுபத்தைந்து வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை. கடல் மீன்களின் குடலில் வாழும் உருளைப்புழுக்களை ஆராய்வதிலும் அவற்றைப் பற்றிக் கல்லூரியில் பாடம் சொல்வதிலும் என் வாழ்நாள் கழிந்தது. அந்தப் படிப்பு தொடங்கிய இடம் மதுரையில், கடலே கண்ணில் படாத எங்கள் தெருவின் குழாயடி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு என்றும் பெருமைதான். அந்தப் பெருமைக்குள் ஒரு பொய் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாடிப்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்களுக்கு மீன் என்றால் கண்மாய் மீன்தான். எங்கள் தெருவுக்குக் கடல் மீனைப் பழக்கியவர், மண்டபத்திலிருந்து மதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பாக்கியத்தக்கா. ரயிலில் வந்த மீனை ஞாயிறு காலையில் கூடையில் சுமந்து வந்து, குழாயடியில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாரானால், வெயில் ஏறுமுன் கூடை காலியாகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் இருந்த நான் மட்டும், புழு எடுத்துச் சீசாவில் சேர்க்க, குடலுக்காக நிற்பேன்.

"வழி விடுங்க, 'கொடலு டாக்டரு' வந்துட்டாரு! சதைக்கு அடிச்சுக்கிறவுகளைப் பாத்திருக்கேன், கழிவுக்கு வரிசையில நிக்கிற ஆளை இங்கனதேன் பாக்குறேன்" என்று கூட்டத்தையே சிரிக்க வைப்பார். ஆனாலும் பாறைக்கு ஒன்று, பன்னாவுக்கு ஒன்று எனக் குடல்களைத் தனித்தனி இலையில் மடித்து வைத்திருப்பார். எந்த மீனுக்கு எந்த இடத்தில் புழு இருக்கும் என்பது அவருக்கு விரல்நுனியில் தெரியும்.

அந்த மழைக்காலத்தில் என் தங்கை மல்லிகா வயிறு வலிக்கிறதென்று அழுதாள். மருந்து கொடுத்ததும் 'கீரிப்பூச்சி'கள் வெளியேறின. அவற்றில் ஒன்றை எடுத்துச் சீசாவில் இட்டு, என் மீன் புழுச் சீசாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் நூல் போல. பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில், அந்த ஞாயிறு இரண்டு சீசாக்களையும் கூடைக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன்.

"அக்கா மீனுல இருக்குறதுதேன் மல்லிகா வயித்துலயும் இருந்துச்சு!"

எதிர்வீட்டு அத்தை வாங்கிய மீனைக் கூடையிலேயே போட்டார். "ஆத்தாடி, இம்புட்டு நாளும் இதையவா புள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டேன்?"

பாக்கியத்தக்கா பதறவில்லை. "அது வேற, இது வேற. இது மீனோட கடல்லருந்தே வாரது, அழுகிப் பொறந்ததில்ல. கொழம்பு கொதிச்சா அம்புட்டும் செத்துப்போகும்" என்றார். என் அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டு, "எம் மகன் படிச்சுட்டுச் சொல்றான்மா" என்றார். அதற்கு மேல் பாக்கியத்தக்காவின் பேச்சு எடுபடவில்லை.

மறுநாள் பள்ளி நுண்ணோக்கியில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். தங்கையின் புழுவுக்கு வால் ஊசிபோல் நீண்டிருந்தது. மீன் புழுவின் வால் மழுங்கி, நுனியில் ஒரு சின்ன முள்ளோடு இருந்தது. யாரும் காட்டித் தராமல் நானாகவே கண்ட வேறுபாடு அது. அந்தக் கண்ணை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு கூடை நிறைய மீன் இருந்தது, வாங்க ஆளில்லை. என்னைக் கண்டதும் பாக்கியத்தக்கா எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "தம்பி, பள்ளிக்கூடத்துல வச்சுப் பாத்தியாமே? ரெண்டும் ஒண்ணுதானா? நீயே சொல்லு, நீ சொன்னா கேப்பாக."

அப்பா பக்கத்தில் நின்றார். வாரம் முழுக்கத் தெருவெங்கும் என்னைப் பற்றியே பேசித் திரிந்திருந்தார் அவர்.

"ஒண்ணுதேன்" என்றேன்.

பாக்கியத்தக்கா கூடைக்குள் கைவிட்டு, மடித்து வைத்திருந்த இலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "இந்தா, ஒனக்குன்னு எடுத்து வச்சது. நல்லாப் படி." கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனவர், எங்கள் தெருவுக்கு மீண்டும் வரவே இல்லை.

நன்றாகத்தான் படித்தேன். சமைத்த மீனில் அந்தப் புழுவால் யாருக்கும் தொற்று வராது, பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்றால்தான் தொல்லை என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். குழாயடியில் அவர் ஒரே மூச்சில் சொன்னதைத்தான் நான் ஆண்டுக்கணக்கில் விரித்துச் சொன்னேன். அவர் பெயரை மட்டும் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. அப்பா கடைசிவரை அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பெருமையாகப் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அவர் மனம் நோகுமே என்று பேசாமல் இருந்ததாக வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத் துணிவு இல்லை.

இப்போது அதே தெருவுக்கு மீன் நறுக்கிக் கழுவிய துண்டுகளாக, மூடி போட்ட டப்பாவில் வருகிறது. குடல் எங்கோ போய்விடுகிறது, புழுவும் யார் கண்ணிலும் படுவதில்லை. அன்று குழாயடியில் நின்றவர்களில் பெரியவர்கள் எவரும் இன்று உயிரோடு இல்லை. யாரிடம் போய்த் திருத்திச் சொல்வது? அதனால் படிக்கிற உங்களிடம் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு புழுக்கள். பாக்கியத்தக்கா எங்களுக்கு விற்றது நல்ல மீன்.