மூன்று நிமிடச் சாட்சி

எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியம் ஊழியப் பயணம் கிளம்புகிறது என்றால் முதலில் வந்து சேர்வது பழைய துணி. "மலையில இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுங்க" என்று ஆராதனை முடிவில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த ஞாயிற்றுக்குள் கோயிலின் பக்கத்து அறை நிறைந்துவிடும். பொத்தான் போன சட்டை, இடுப்பில் கிழிந்த பாவாடை, ஜோடியில்லாத ஏழு காலுறை. கரித்துணிக்கும் ஆகாததைக் கர்த்தருக்குக் கொடுப்பதில் எங்கள் ஆட்களுக்குக் கஞ்சத்தனமே கிடையாது. அதைத் தரம் பிரிப்பது பெண்பிள்ளைகளின் வேலை. பையன்கள் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் கழித்து, ஒரு மே மாதம் அது. ஜவ்வாது மலைப்பக்கம் ஒரு கிராமத்துக்கு ஐந்து நாள் பயணம். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லித்தர வேண்டும், சாயங்காலம் கூட்டம் நடத்த வேண்டும். எனக்கு இருபத்தொரு வயது. திருத்தங்கலில் ஒரு நோட்டு பைண்டிங் கம்பெனியில் வேலை. அதற்கு முந்தின வருடம்வரை பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தேன்.

என் தங்கையும் வருவதாகப் பெயர் கொடுத்திருந்தாள். எங்கள் ஐக்கியத்தின் செயலாளர் அண்ணன் அந்தப் பெயரை அடித்துவிட்டார். "தப்பா நினைக்காதம்மா, அங்கன சின்னப் பிள்ளைக பயந்துருமுல்லா" என்றார் என்னிடம். அவளிடம் நேரில் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. வீட்டிலிருந்தே ஜெபத்தில் தாங்கும் குழு என்று ஒன்றைப் புதிதாக உண்டாக்கி அதில் அவளைச் சேர்த்தார். அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

தங்கைக்கு வலது கை விரலிலிருந்து முழங்கைவரை, பிறகு கழுத்தின் வலப்பக்கம், தீக்காயம் ஆறித் தோல் இழுத்துப்போயிருந்தது. அது எப்படி வந்தது என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முந்தின வருடம் ஈஸ்டருக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்குக் கோயிலில் பாட்டுப் பயிற்சி. எனக்குத் தனியாக நான்கு வரி பாடக் கொடுத்திருந்தார்கள். பட்டாசுக் கம்பெனியிலோ ஒரு லோடு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. லீவு கேட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்பார்கள். ஆனால் பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பினால் போர்மேன் ஒன்றும் கேட்க மாட்டார். கை எண்ணிக்கை குறையாமல் இருந்தால் சரி, யார் கை என்பது அவருக்குக் கவலையில்லை. எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். தங்கை பிளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். "ஒரே ஒரு நாளு எனக்குப் பதிலா போயிட்டு வாடி" என்றேன். அவள் முதலில் மாட்டேன் என்றாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட பிறகு போனாள். பதினொரு மணிவாக்கில் பக்கத்து ரூமில் வெடிமருந்து செலுத்தும்போது தீப்பிடித்தது. அந்த நேரம் நான் கோயிலில் அந்த நான்கு வரியை மூன்றாம் தடவையாகப் பாடிக்கொண்டிருந்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தாள். அங்கும் சரி, வீட்டுக்கு வந்தும் சரி, உன்னால்தான் என்று ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காலில் விழுந்து அழுதாவது தீர்த்திருப்பேன். சொல்லாமலே எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம், சேர்ந்து கோயிலுக்குப் போனோம்.

பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது செயலாளர் அண்ணன் சாட்சிப் பயிற்சி தொடங்கினார். மலையில் தினமும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்ல வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அவருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. சாட்சியை எழுதிக் கொண்டுவரச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்துவார். பெரிய சங்கடம் ஒன்றும் வாழ்க்கையில் வராத பையன்கள்தான் திண்டாடிப்போனார்கள். ஒருவன் டைபாய்டு காய்ச்சலை மரணப்படுக்கை ஆக்கினான். இன்னொருவன் இரண்டே இரண்டு சிகரெட் குடித்ததை வைத்துப் பெரும்பாவி ஆனான்.

நான் நடந்ததை நடந்தபடி எழுதினேன். பொய் சொல்லக் கூடாது என்றுதான் எழுதினேன். 'என் வேலைக்கு என் தங்கையை நான் அனுப்பினேன். நான் போயிருக்க வேண்டிய இடம் அது' என்று இரண்டு வரி. அதை எழுதவே எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

அண்ணன் படித்தார். உச்சுக்கொட்டினார். கண்கூடக் கலங்கினார். பிறகு அந்த இரண்டு வரியையும் சிவப்பில் அடித்தார்.

"இது எதுக்கும்மா? கேக்குறவுகளுக்கு விசுவாசம் வளரணும். அன்னைக்குக் கர்த்தர் ஒன்னயக் கோயிலுக்கு வரவச்சுக் காப்பாத்துனாரு. அம்புட்டுதான் சாட்சி."

"தங்கச்சியப் பத்தி என்னண்ணே சொல்ல?"

"தங்கச்சிக்கும் உயிரு தப்பிச்சிதுன்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ."

அவரை ஏச இன்றும் எனக்கு வாயில் நிறைய இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு லேசானது. அந்த இரண்டு வரியை யாராவது அடிக்க மாட்டார்களா என்றுதான் நானும் அதை அவரிடம் நீட்டியிருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சபையார் முன்னால் எங்களை வழியனுப்பும் ஆராதனை. சபைப் போதகரான ஐயர் எங்கள் பதினாலு பேர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். சாட்சி சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். தங்கை பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அந்த மே மாத வெயிலிலும் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். நான் அவள் பக்கம் பார்க்காமல் பின்சுவரைப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்குக் கர்த்தர் என்னைத் தம்முடைய ஆலயத்துக்கு அழைத்தார், அக்கினிக்கு விலக்கிக் காத்தார் என்றேன். குரல் நடுங்கவேண்டிய இடத்தில் நடுங்கியது. ஆமென், அல்லேலூயா என்று கோயிலே எழுந்தது. ஒரு வயதான அம்மா ஓடிவந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேல் அருவருப்பாக வருகிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை என் பையை அடுக்கித் தந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. சுடிதார்களை இடது கையால் மடித்து, வலது மணிக்கட்டால் அமுக்கி அமுக்கி உள்ளே வைத்தாள். அம்மா கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். தங்கை தலையைத் தூக்காமலே கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"யக்கா, அன்னைக்கு ஒன்னயக் கோயிலுக்குக் கூப்பிட்டது சாமின்னா, என்னய அங்கன போகச் சொன்னது யாரு?"

நான்தான்டி என்று சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? அறையில் வேறு யாரும் இல்லை. கேட்கிறவள் என்னை அடிக்கப்போவதும் இல்லை. ஒரு வருடமாக அவள் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்று அப்போது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"தெரியலடி" என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் பையை மூடினாள். மறுநாள் காலையில் நான் வேன் ஏறி, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குச் சேவை செய்யப் போனேன்.