ஸ்டிக்கர் உரிக்காத தட்டு

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு எவர்சில்வர் தட்டு இருக்கிறது. நடுவில் கடைக்காரர் ஒட்டிய நீல ஸ்டிக்கர் இன்னும் அப்படியே இருக்கிறது. என் மனைவி அதை எடுத்துப் புழங்குவதில்லை. ஏனென்று அவளுக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்த பாய் எனக்காக வாங்கிய தட்டு அது. அதில் நான் ஒரு வாய் சோறுகூடச் சாப்பிட்டதில்லை.

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில், பதப்படுத்தி வந்த தோலைத் தரம் பிரிக்கும் மேசையில், அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பதினேழு வருஷம் நின்றோம். ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தோலை விரிப்போம். உண்ணி கடித்த தழும்பும் முள் கிழித்த கோடும் என் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். நான் அதிகம் பேசமாட்டேன். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பக்கத்துத் தெருவிலிருந்த தன் வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூட்டிப்போவார். தரையில் விரித்த துணியைச் சுற்றி எல்லோரும் சம்மணம் போட்டு உட்காருவோம். நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டு, "துன்னுப்பா, இங்க வந்துமா கூச்சப்படுவ?" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. வேலூருக்குக் கொண்டுபோய் உடனே ஆபரேஷன் செய்தார்கள். கண் விழித்தபோது தொப்புளுக்கு இடப்புறம் குடலின் முனை வெளியே சிவப்பாக, ஈரமாக இருந்தது. அதன்மேல் ஒரு பை ஒட்டியிருந்தது. சில மாதங்களுக்கு மலம் இந்த வழியாகத்தான் வரும், பிறகு குடலை உள்ளே சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர். அடக்கவும் முடியாது, வருவது தெரியவும் தெரியாது. காற்று பிரிந்தால் பை உப்பிக்கொண்டு சத்தம் போடும். ஒட்டும் தகட்டில் என் மனைவி அளவு பார்த்து வட்டம் வெட்டிக் கொடுப்பாள். வட்டம் கொஞ்சம் பெரிதாகிவிட்டாலும் சுற்றியுள்ள தோல் வெந்துவிடும். இத்தனை வருஷம் மாட்டுத் தோலில் குறை பார்த்தவன், அப்போது தினமும் கண்ணாடி முன்னால் நின்று என் தோலில் குறை பார்த்தேன்.

ஒரு காதுகுத்து விருந்தில், பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பை ஓரத்தில் விட்டுவிட்டது. "இங்க எங்கியோ எலி செத்துக் கெடக்குது" என்று பரிமாறிய பெண் சுற்றிலும் தேடினாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். அன்றோடு வெளியே சாப்பிடுவதை நிறுத்தினேன். கம்பெனியில் மட்டும்தான் நிம்மதி. தோல் வாடையும் மிஷின் சத்தமும் என்னை மறைத்துவிடும்.

பாய்க்கு ஆபரேஷன் நடந்தது தெரியும், பை இருந்தது தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோதுகூடப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். வேலைக்குத் திரும்பிய பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார், வரவில்லை என்றேன். மூன்றாவது முறை கையிலிருந்த தோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாப்பா, எங்கூட்ல எவனாச்சும் உன்ன எதுனா சொல்லிட்டானா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வேறு வந்தது. "இல்ல பாய். சாமிக்கு ஒரு வேண்டுதல். வெளிய சாப்டக் கூடாது."

"எத்தினி நாளுக்கு?"

"தெரியல பாய்."

"நாளே இல்லாத வேண்டுதலா? உங்க சாமி ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுப்பா" என்று சிரித்தார். எப்போதும் போன்ற சிரிப்பாக அது இல்லை. பிறகும் விடவில்லை. "கறி வேணாம், ரசம் சோறு துன்னுட்டுப் போயேன்" என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்டார். ஒவ்வொரு முறையும் சாமியைச் சொன்னேன். எங்களுக்குள் ஒருநாளும் வராத சாமியை நானே இழுத்துவந்து நடுவில் உட்கார வைத்தேன்.

ஒன்பது மாதம் கழித்துக் குடலை உள்ளே சேர்த்தார்கள். பாயிடம் இன்னொரு ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதன் பிறகு தினமும் காலையில் வார்டே கேட்கும்படி, "காத்து பிரிஞ்சிச்சா?" என்று நர்ஸம்மா கேட்பார். எதற்கு ஒன்பது மாதம் ஒளிந்து திரிந்தேனோ அதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். நான்காம் நாள் பிரிந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் கைதட்டினார். தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இதைச் சொன்னால் பாய் மேசையைத் தட்டிச் சிரிப்பாரே என்றுதான் முதலில் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஓட வேண்டியிருந்தது. குடல் பழகக் கொஞ்ச நாளாகும் என்றார்கள். மோரும் குழைந்த சோறும்தான் சாப்பாடு. பாய் போன் செய்து, "இப்பவாவது உன் சாமி வுடுமா?" என்று கேட்டார். "சீக்கிரம் வர்றேன் பாய்" என்றேன். வயிறு அடங்கியதும் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்வதாக இருந்தேன். ஆறாவது வாரம், ஒரு காலையில், நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழவில்லை.

ஓடினேன். முகம் பார்த்தேன். தூக்கப் போகிறார்கள், தோள் கொடுக்கலாம் என்று முன்னால் நகர்ந்தபோது வயிறு முறுக்கியது. அவர் வீட்டுக் கழிவறைக்குள்ளேயே ஓடினேன். வெளியே வந்தபோது கூடத்தில் ஆள் இல்லை. தெருமுனையில் கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிச் சாப்பாடு போடக் கூப்பிட்டிருந்தார்கள். கணவர் இறந்த பிறகு வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் பாய் மனைவி இருந்ததால் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். "அண்ணா, வேண்டுதல் முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது பாபி."

பாயின் மகள் இந்தத் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "புதுசு அண்ணா, கறி பட்டதே இல்ல" என்றது பாபியின் குரல். "ரசம் வெக்க சட்டியும் தனியா வாங்கியாந்தாரு. அவன் சாமிக்கு ஆவற மாரி செய்யி, என்னிக்காச்சும் வருவான்னாரு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தொடச்சி வெப்பேன்."

"இது வேணாம் பாபி. பாய் சாப்ட்ட தட்டுல போடுங்க. கறியும் போடுங்க" என்றேன். நீலக் கரை போட்ட அவருடைய பீங்கான் தட்டு வந்தது. வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன். வயிறு ஒன்றும் செய்யவில்லை. புறப்படும்போது புதுத் தட்டைத் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தாள் மகள். அப்போதும் பாபியிடம் எதையும் சொல்லவில்லை.

இப்போது எல்லாம் சாப்பிடுகிறேன். வயிற்றில் ஒரு தழும்பு மட்டும் மிச்சம். மேசையின் அந்தப் பக்கம் வேறொருவர் நிற்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தால் தட்டை எடுத்துத் துடைத்து, திரும்ப அலமாரியில் வைக்கிறேன்.

வேண்டுதல் ஒன்றும் இல்லை, பாய். வயிற்றில் ஒரு பை இருந்தது. அவ்வளவுதான்.