அரை அடி ஸ்கேலும் ஆங்கில இலக்கணமும்

ஆங்கிலத்தில் நீளமாக இருப்பது சென்டென்ஸ், குட்டையாக இருப்பது ஃப்ரேஸ் என்று ஐந்தாம் வகுப்பில் நான் மனப்பூர்வமாக நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பரீட்சையில் அரை அடி ஸ்கேலை வைத்து அளந்தும் பார்த்தேன்.

காரணம் மீன். எங்கள் வீடு பட்டினப்பாக்கத்தில். அம்மா மந்தைவெளியில் ஒரு தெருமுனையில் மீன் விற்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் பிரிப்பது என் வேலை. என் ஒரு சாணுக்கு மேல் நீண்டால் எடை போட்டு விற்கும் கூடை. சாணுக்குள் அடங்கினால் கூறு கட்டும் தட்டு. மீனின் பெயர் தெரிய வேண்டியதில்லை, யோசிக்க வேண்டியதில்லை, கை இருந்தால் போதும். உலகத்தில் எதையும் இப்படிப் பிரித்துவிடலாம் என்று அந்த வயதிலேயே எனக்கு ஒரு தெளிவு வந்திருந்தது.

இங்கிலீஷ் மிஸ் அச்சடித்த தாளில் பத்து வரிகள் கொடுத்து, எது முழு வாக்கியம், எது வெறும் ஃப்ரேஸ் என்று எழுதச் சொன்னார். 'பேர்ட்ஸ் ஃப்ளை' இரண்டு சென்டிமீட்டர்கூட வரவில்லை. நெத்திலி, ஃப்ரேஸ். 'இன் த கார்னர் ஆஃப் த பிக் பிளேகிரவுண்ட்' ஏழரை சென்டிமீட்டர். வஞ்சிரம், சென்டென்ஸ். வகுப்பிலேயே முதலில் முடித்துவிட்டு, பக்கத்துப் பெஞ்சுக்காரர்களைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தேன்.

பத்துக்குச் சைபர். என்னைப் போன்ற ஆசாமிகளுக்காகவே குட்டி வாக்கியங்களாகவும் நீட்டு ஃப்ரேஸ்களாகவும் மிஸ் பொறுக்கிப் போட்டிருந்தார்.

"கண்ணை மூடிட்டு எழுதியிருந்தாக்கூட அஞ்சு வந்திருக்குமே! திங்கக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றார்.

அடி விழும் என்ற பயம் எனக்கு இல்லை. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "எம்புள்ள இங்கிலீசுல பொளந்து கட்றான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்த ஒரே பெருமை அது. அதை நான் ஸ்கேலாலேயே அறுத்துவிட்டேன். சனிக்கிழமை முழுக்க விடைத்தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

ஞாயிறு காலை, கையில் வயர்கூடையோடு, மிஸ் கடைக்கு முன்னால் வந்து நின்றார்.

ஐஸ் பெட்டிக்குப் பின்னால் பாய்ந்தேன். அவர் சொல்லப்போவதைக் கேட்கும் தைரியம் இல்லாமல் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டேன். கண்ணையும் மூடியிருக்கலாம். மிஸ் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். அம்மாவின் முகம் சுருங்கியது. மிஸ் இரண்டு விரலைக் காட்டினார். அம்மா அரிவாள்மனையை இழுத்துப் போட்டாள். தீர்ந்தது கதை.

மிஸ் போனதும் நானே வெளியே வந்து, கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சைபர், ஸ்கேல், சாண், திங்கட்கிழமை. நடுவில் மூக்கு வேறு ஒழுகியது.

"இன்னாடா ஒளர்ற? யாரு மிஸ்ஸு? இன்னாத்துக்கு அந்தப் பொட்டிக்குப் பின்னால பூந்துகினு இருந்த?"

"இப்ப வந்தாங்களே, அவங்கதாம்மா."

அம்மா தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கையைக் கழுவினாள். "சரி, அந்தப் பேப்பர எடு. இன்னா போட்டுக்குதுன்னு தமிழ்ல சொல்லு."

"பெரிய மைதானத்தோட மூலையில."

"மூலையில?"

"அவ்ளோதான்."

"மூலையில இன்னாடா? எவனாவது நின்னானா, எதுனா வுழுந்துச்சா? முழுசா சொல்லு நைனா."

"அவ்ளோதாம்மா போட்டுக்குது."

"சரி, அடுத்தது."

"பறவைங்க பறக்குது."

"ம். பறக்கட்டும். அடுத்தது."

"பழைய கெணத்துக்குப் பக்கத்துல."

"பக்கத்துல இன்னா? பாரு, மறுபடியும் பாதியில நிறுத்துறான்!"

திட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன். ஒரு எழுத்தும் தெரியாதவள் அந்தத் தாளைச் சரியாகத் திருத்திக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்று புரியவில்லை.

"பத்துமே தப்பா?" என்றாள் கடைசியில்.

"பத்தும்."

"ஒண்ணுகூட சரியில்ல?"

"இல்ல."

கொஞ்சம் யோசித்தாள். "அப்போ கூடைதான் மாறிப்போச்சு. இத்த அதுல கொட்டு, அத்த இதுல கொட்டு. எல்லாம் சரியாப் பூடும். இதுக்குப் போயி அழுதுகினு கீறான்!"

அடுத்து மீன் வாங்க வந்தவரிடம், "எம்புள்ள இங்கிலீசையே ஸ்கேல் வெச்சு அளந்துட்டான்" என்று சொன்னாள். அதையும் பெருமையாகத்தான் சொன்னாள்.

மிஸ் அன்று என் பெயரையே எடுக்கவில்லை. உதட்டைப் பிதுக்கியது சங்கரா மீனின் விலையைக் கேட்டு. இரண்டு விரலைக் காட்டியது மீனை இரண்டு துண்டாக வெட்டச் சொல்லி. மீன் விற்றவள் என் அம்மா என்பதே, மறுநாள் அவள் வகுப்பு வாசலில் வந்து நின்றபோதுதான் மிஸ்ஸுக்குத் தெரிந்தது.