கொல்லையில் எரிந்த வடம்

துப்பறியும் நாவல் எழுத நான் ஆசைப்பட்டுப் போகவில்லை, ஆத்திரப்பட்டுப் போனேன். பதினோரு வருஷம் மதுரையில் ஒரு தினசரிக்குக் கொலை, கொள்ளைச் செய்திகளாக எழுதித் தள்ளியவன் நான். காலையில் போலீஸ் ஸ்டேஷன், பகலில் கோர்ட்டு, சாயங்காலம் ஆபீஸ். இத்தனை வருஷத்தில் ஒரு வழக்காவது எனக்கு முழுசாகக் கிடைத்ததா என்றால் கிடையாது. செத்தது யார் என்று தெரியும். செய்தது யார் என்று கேட்டால், விசாரணை நடந்து வருகிறது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூட வேண்டியதுதான். சாட்சி பல்டி அடிப்பான், வாய்தா மேல் வாய்தா விழும், அதற்குள் நான் வேறொரு பிணத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பேன். தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் கதை சொல்லிச் சொல்லி எனக்கே என் மேல் வெறுப்பு வந்துவிட்டது.

ஊருக்குள் ஒரு சந்தில் அச்சாபீஸ் வைத்திருந்தவர் என் சிநேகிதர். மாதம் ஒரு நாவல் போட்டு விற்பவர். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒருநாள் சொன்னார்.

"செத்தவனைக் காட்டிட்டு ஓடிப்போறதே உமக்குப் பொழப்பாப் போச்சு. கொன்னவனையும் காட்டும்யா. சனம் அதைத்தான் கேக்குது."

"கொன்னது யாருன்னு தெரிஞ்சாத்தானே காட்டுறதுக்கு?"

"தெரியலைன்னா நீரே முடிவு பண்ணும். நாவல் எழுதுனவனை எந்தக் கோர்ட்டு கூண்டுல ஏத்தப் போகுது?"

அதோடு ஒரு விதியும் போட்டார். படிக்கிறவன் கடைசிவரைக்கும் யார் மேல் சந்தேகப்படவில்லையோ, அந்த ஆள்தான் கொலைகாரனாக இருக்க வேண்டுமாம். எனக்குச் சரி என்று பட்டது. இன்றைக்கு நினைத்தால், எப்படிப் பட்டது என்றே புரியவில்லை.

கதைக்காகப் பழைய நோட்டுகளைப் புரட்டியபோது உசிலம்பட்டிக்கு மேற்கே நடந்த ஒரு சாவு கண்ணில் பட்டது. மூன்று வருஷத்துக்கு முந்தியது. ஒரு சம்சாரி மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் கல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட வடத்தைப் பிடித்து உள்ளே இறங்கியிருக்கிறார். வடம் அறுந்து, பாறையில் தலை மோதி, ஆள் அங்கேயே போய்விட்டார். தவறி விழுந்த சாவு என்று போலீஸ் அன்றைக்கே எழுதி முடித்துவிட்டது. ஆனால் அவருக்கும் பங்காளிக்கும் தண்ணீர் முறையில் தகராறு என்று பேச்சு கிளம்பவே, பத்திரிகை ஆசிரியர் என்னை அங்கே விரட்டினார்.

நான் போன நாள், கருமாதி முடிந்த மறுநாள். செத்தவரின் மனைவியும் பதினாலு வயது மகளும் வீட்டில் இருந்தார்கள். வெயிலில் நடந்து வந்தவனைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே அந்த அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு செம்பு குடித்து, இன்னொரு செம்பும் வாங்கிக் குடித்தேன். பிறகு அவர் கொல்லை மூலைக்குப் போய், அங்கே எரிந்துகொண்டிருந்த முள்ளைக் குச்சியால் தள்ளிவிட்டார். முள்ளுக்கு நடுவே கைமொத்தத்தில் கமலை வடம் எரிந்துகொண்டிருந்தது. அறுந்து ஆளைக் கொன்ற அதே வடம். நோட்டில் 'வடத்தை எரிக்கிறாள்' என்று மட்டும் குறித்துக்கொண்டேன். மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன். பங்காளியைப் பற்றி ஒன்றும் தேறவில்லை. தவறி விழுந்து மரணம் என்று ஆறு வரி வந்தது, அவ்வளவுதான்.

அந்த ஒரு குறிப்பு போதுமானதாக இருந்தது, என் புத்திக்கு. ஆள் பேரை மாற்றினேன். ஊரைத் தூக்கி வில்லாபுரம் பக்கம் வைத்தேன். எல்லாரும் பங்காளியைச் சந்தேகப்பட, கடைசி அத்தியாயத்தில் மோர் கொடுத்த மனைவியே வடத்தை அரிவாளால் பாதி அறுத்து வைத்தவள் என்று முடித்தேன். தடயத்தை மறைக்கத்தான் எரித்தாளாம். அச்சாபீஸ்காரர் தொடையைத் தட்டிக்கொண்டார். அட்டையில் என் பேருக்குக் கீழே, 'வழக்குகளை நேரில் கண்ட நிருபர் எழுதியது' என்று கொட்டை எழுத்தில் போட்டார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. முதன்முதலாக ஒரு கதையை முடித்துவிட்டேன் அல்லவா.

நாவல் வந்து ஒரு மாதம் இருக்கும். ஆபீஸ் வாசலில் அந்த அம்மா நின்றார், கூடவே அவருடைய தம்பி. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தம்பிதான் பேசினார்.

"என்னங்கய்யா இப்படி எழுதிப்புட்டீக. அக்கா மகளுக்குப் பரிசம் போட்டாச்சு. இப்ப மாப்பிள்ளை வீட்டுல, புருசனக் கொன்னவ வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு நிக்கிறாக."

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையலாம் போலிருக்கிறது. இது நாவல், கட்டுக்கதை, ஊர் வேறு, பேர் வேறு என்று விளக்கினேன். அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சங்கதி பிடிபட்டது. அந்த ஊரில் படிக்கத் தெரிந்த ஒருவர் சாவடியில் உட்கார்ந்து பேப்பரை வாசிப்பார், ஊரே கேட்கும். என் ஆறு வரியையும் அவர்தான் வாசித்திருக்கிறார். என் நாவலையும் அவரேதான், அதே குரலில், அதே இடத்தில். கிணறும் பங்காளியும் மோரும் அப்படியே இருந்ததால், யார் வீட்டுக் கதை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. பேப்பர் என்பது மறுநாள் கடலை மடிக்கிற காகிதம். இதுவோ தைத்து, அட்டை போட்டு வந்திருக்கிறது. அவசரத்தில் தப்பாக எழுதிய நிருபர் மூன்று வருஷம் அலைந்து உண்மையைக் கண்டுபிடித்து, புத்தகமாகவே போட்டுவிட்டார் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

"நீங்க வந்து எங்க கருப்பசாமி முன்னாடி சூடத்தை அணைச்சு, எழுதுனது பொய்யின்னு சொல்லணும். அப்பத்தான் சம்மதிப்பேன்னு சம்மந்தகாரரு சொல்லிட்டாரு" என்றார் தம்பி.  அந்த அம்மா என் மேஜை மேலிருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய்யைப் பொய் என்று சொல்வதில் எனக்கென்ன கஷ்டம்? வெள்ளிக்கிழமை வாரேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். மகள் தாயின் முதுகுக்குப் பின்னால். பூசாரி கல்லின் மேல் சூடத்தைக் கொளுத்தினார். "நான் சொல்றத அப்படியே சொல்லிட்டு அணைங்க" என்றவர், "நான் எழுதுனது அம்புட்டும் பொய். அந்த வீட்டுல நான் எதையும் பாக்கல" என்று எடுத்துக் கொடுத்தார்.

முதல் பாதியைச் சொன்னேன். இரண்டாவது வரவில்லை.  எனக்குச் சாமி பயம் அதிகம் கிடையாது. ஆனால் நான் பார்த்திருக்கிறேனே. அதைச் சொன்னால் அந்தப் பெண்ணின் கல்யாணம் போச்சு. சொல்லாமல் அணைத்தால் பொய்ச் சத்தியம். பதினோரு வருஷம் கூண்டில் நின்று முழித்த சாட்சிகளையெல்லாம் கேலி செய்து எழுதியவன், அன்றைக்கு அவர்களைப் போலவே முழித்தேன். சூடம் பாதி எரிந்துவிட்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு.

"ஒண்ணே ஒண்ணு பாத்தேன்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. "கொல்லையில இந்தம்மா வடத்தை எரிச்சதப் பாத்தேன்."

 மாப்பிள்ளையின் தகப்பனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எரிக்காம? உசுரு வாங்குன கயித்தை வீட்டுல வச்சுக்கிருவாகளா? கருமாதி முடிஞ்சா எரிக்கிறதுதானய்யா வழக்கம். எங்க சித்தப்பன் கெணத்துல விழுந்தப்ப நானே எரிச்சேன். அதச் சாவடியில வாசிச்சப்பக்கூட யாரும் ஒண்ணும் நெனைக்கல. அருவாள வச்சு அறுத்தாள்னு எழுதிருக்கீகளே, அதப் பாத்தீகளா?"

"இல்லை."

"பெறகு எப்படி எழுதுனீக?"

"வடத்தை எரிச்சதை வச்சு."

அவர் பூசாரியைப் பார்த்தார், பூசாரி அவரைப் பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. நான் பெரிய ரகசியம் என்று மூன்று வருஷம் மூடி வைத்திருந்தது, அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். "அருவா வச்சு அறுத்ததை நான் பாக்கலை, அது நானாக் கட்டுனது" என்று பூசாரி வார்த்தையை மாற்றிக் கொடுத்தார். சொல்லிவிட்டு உள்ளங்கையால் சூடத்தை அமுக்கினேன். பரிசம் நிலைத்தது, கல்யாணம் ஆவணியில் என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

எல்லாம் சுபம்தான். ஆனால் என் குழப்பம் தீர்ந்தபாடில்லை. வடத்தின் நுனி எப்படி இருந்தது என்று யோசித்தால், வெட்டுப்பட்ட நுனிதான் கண்ணுக்குள் தெரிகிறது. அன்றைக்கு நிஜமாகவே அப்படிப் பார்த்தேனா, நாவலில் நாலு தடவை திருத்தி எழுதியதால் அப்படித் தெரிகிறதா, தெரியவில்லை. தானாக நைந்து பிரிபிரியாகக்கூட இருந்திருக்கலாம். நுனியையே பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

அந்த அம்மா வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்துப் போய் மோர் கொடுத்தார். வெந்த கையால் செம்பைப் பிடிக்க முடியாமல் இடது கையால் வாங்கினேன். அப்போதுதான் முதல்முறையாக என்னிடம் பேசினார்.

"அன்னைக்கும் இதே எடத்துல நின்னு ரெண்டு செம்பு மோர் குடிச்சீகண்ணே. நான் எரிச்சதையும் பாத்தீக. ஏன் தாயி எரிக்கிறன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"பஸ்ஸுக்கு நேரமாயிருச்சும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? அது ஒன்றுதான் உண்மை.

"இன்னைக்கும் ஆயிருச்சு. வெரசாப் போங்க" என்று செம்பை வாங்கிக்கொண்டார்.

ஓட்டமும் நடையுமாகப் போய் பஸ்ஸைப் பிடித்தேன். வண்டி உசிலம்பட்டியைத் தாண்டிய பிறகுதான், வடம் எப்படி அறுந்தது என்று இன்றைக்கும் அவரிடம் கேட்காமலே வந்துவிட்டது எனக்கு உறைத்தது.