சம்பந்தி மரியாதைக்குப் பிடித்து வைத்த அறைகள்

திருப்பதியில் அறை கிடைக்கவில்லை என்று யாராவது புலம்பினால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ் ஒன்றிலும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்னொன்றிலும் அறைகளைப் பங்கிடும் சாஃப்ட்வேரை எழுதியவன் நான். நகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அதைப் பழுது பார்ப்பவனும் நானே. எழுதியதன் பலனை உடனுக்குடன் அனுபவிக்கும் பாக்கியம் எல்லா எழுத்தாளர்களுக்கும் வாய்ப்பதில்லை.

போன வருஷம் வேலூரிலிருந்து அக்காவும் மாமாவும் வந்தார்கள். அக்காவுக்கு முழங்கால் வலி. மலைக்குப் போகுமுன் கொஞ்ச நேரம் படுத்து எழ ஒரு கட்டில் வேண்டும், அவ்வளவுதான். “நம்ம லாட்ஜ்தான், வாங்க” என்று போனில் பெரிய மனுஷன் போலச் சொல்லியிருந்தேன்.

ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில், கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார். “லேது சார். அன்னி ஃபுல், எல்லாமே சிவப்பு.”

“மாடியில மூலை ரூம் காலியாத்தானே இருக்கு? கதவே திறந்து கிடக்குதே?”

“காலிதான் சார். சிவப்பு காட்டுதே, நா இன்னா பண்றது?”

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “இன்னாடா, நீ எழுதினதே உன்ன மதிக்கலியா?”

“வூட்லயும் அதே கததான்,” என்றார் மாமா. “இங்க மட்டும் மதிக்குமா, மச்சான்?”

என் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு அறையும் அந்தந்த லாட்ஜின் சர்வருக்குள் இருக்கும் ஒரு பொருள். தூரத்துக் கவுண்டர்கள் அதைப் பிடித்துக்கொள்ளும்; பிடித்த பின், ‘இன்னும் வேண்டும்’ என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சொல்ல மறந்தாலோ, கரண்ட் போய்க் கணினி செத்தாலோ, கொஞ்ச நேரம் பொறுத்துப் பிடி விடும். யாருமே பிடிக்காததைக் குப்பை என்று கண்டு சர்வர் அள்ளிப் போட்டுவிடும், அறை பச்சையாகும். அழகான ஏற்பாடு. மனிதர்கள் குறுக்கே வராதவரை.

இரண்டு லாட்ஜ் முதலாளிகளும் சம்பந்திகள். இவர் பெண்ணை அவர் பையனுக்குக் கொடுத்திருக்கிறார். கல்யாணமான கையோடு இருவரும் என்னைக் கூப்பிட்டு, சம்பந்தி அனுப்பும் விருந்தாளிக்கு இல்லை என்று சொல்லவே கூடாது என்றார்கள். அவர் அங்கே ஓர் அறை பிடித்து வைத்தால், பதில் மரியாதையாக இங்கேயும் ஓர் அறை பிடிக்க வேண்டும். அந்தப் பிடி இருக்கும்வரை இந்தப் பிடியும் இருக்க வேண்டும். நானும் தலையாட்டிவிட்டு எழுதினேன்.

விருந்தாளிகள் எப்போதோ வந்து போய்விட்டார்கள். ஆனால் இந்தச் சர்வரின் அறையை அந்தச் சர்வர் பிடித்திருக்கிறது, அந்தச் சர்வரின் அறையை இந்தச் சர்வர் பிடித்திருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ‘இன்னும் வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உலகத்தில் ஒரு ஜீவனுக்கும் அந்த அறைகள் வேண்டாம். ஆனாலும் யாரோ பிடித்திருப்பதால் அவை குப்பை ஆவதில்லை; மாடி மூலை அறையும் அதில் ஒன்று.

இந்த லாட்ஜ் முதலாளிக்குப் போன் போட்டேன்.

“பொண்ணு குடுத்தவன்பா நானு. நா மொதல்ல விட்டா என் பொண்ணு அங்க இன்னா பேச்சு கேக்கும்? அவரு விடட்டும்.”

அந்த லாட்ஜ் முதலாளியைப் பிடித்தேன்.

“மேமு மாப்ள வீட்டுக்காரங்க. எட்லா சார், எப்டி மொதல்ல விடறது? ஆயன விடட்டும், நா உடனே விடறேன்.”

முதலில் விட்டவர் யார் என்பது இருவருக்கும் போகும் தினசரி அறிக்கையில் வரும். அதையும் நான்தான் எழுதினேன். சர்வர்களை அணைத்து ஏற்றலாம் என்றால், இரண்டு லாட்ஜிலும் தங்கியிருக்கும் எல்லோரிடமும் சாவியாக இருக்கும் கதவு அட்டையும் அந்த நேரத்தில் வேலை செய்யாது.

கடைசியில், யாரும் முதல் ஆளாகாதபடி, இரண்டு பிடிகளையும் என் கையாலேயே ஒரே சமயத்தில் அறுத்தேன். மூலை அறை பச்சையானது. “போடுங்கம்மா, சீக்கிரம்!” என்று நான் கத்தி முடிப்பதற்குள் மறுபடி சிவப்பு. அந்தப் பக்கத்துக் கவுண்டர்காரர், சம்பந்திக்கு வைத்திருந்த அறை பச்சையாகிவிட்டதே என்று பதறி, மரியாதையாக அதைத் திரும்பப் பிடித்துவிட்டார். இந்தப் பக்கம் என் சாஃப்ட்வேர் பதில் மரியாதை செய்துவிட்டது.

“உன் மிஷினுக்கு இருக்கிற மரியாத உனக்கு இல்லியே, மச்சான்,” என்றார் மாமா.

அந்தக் கட்டடத்தில் என் சாஃப்ட்வேருக்குத் தெரியாத அறை ஒன்றுதான்: சர்வர் அறை. சாதாரணப் பூட்டு, சாவி என் சட்டைப்பையில். அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய், யுபிஎஸ் பக்கத்தில் பாய் விரித்தேன். ஏசி காற்று முழங்காலில் படாதபடி சால்வையால் போர்த்திக்கொண்டு, “இது நல்லாத்தானே கீது, இத்த மொதல்லயே காட்றதுக்கு இன்னா?” என்று சொல்லி, படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

அப்புறம்தான் சம்பந்திகள் இருவரும் ஒரே போன் அழைப்பில் வந்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். பதில் மரியாதை விதியையே எடுத்துவிட்டு, கதவு அட்டை போனாலும் பரவாயில்லை, இரண்டு சர்வரையும் ஒன்றாக அணைத்து ஏற்றிவிடும்படி சொன்னார்கள். “இப்பவே பண்ணுங்க சார், மனசு மார்றதுக்குள்ள.”

சர்வரின் ஸ்விட்ச் அக்காவின் தலைக்குப் பின்னால் இருந்தது. லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

“ரூம் வந்துச்சா? எழுப்பட்டா?” என்று மாமா கிசுகிசுத்தார்.

“வேணாம் மாமா,” என்றேன். கையிலிருந்த போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அவள் விழித்துவிடுவாளோ என்று அதைச் சட்டைக்குள் அமுக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.