மட்டக்குழாயில் வார்த்த மீன்

பல்செட் கட்டத் தெரிந்தவளுக்கு ஒரு பொய் மீன் செய்ய வராதா என்ன? அந்தத் திமிரில்தான் ஆரம்பித்தேன். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தேன். அவர் பிடுங்குவார், பிடுங்கிய இடத்துக்குப் பல் கட்டுவது நான். மெழுகில் செதுக்கி, பாரிஸ் சாந்தில் இரண்டு பாதியாக அச்செடுத்து, மெழுகை வெந்நீரில் உருக்கி வெளியேற்றி, அந்தக் குழிக்குள் பல் செய்கிற பிளாஸ்டிக் மாவை அடைத்து அழுத்த வேண்டும். ஏரலிலிருந்தும் சாயர்புரத்திலிருந்தும் வந்தவர்கள் நான் கட்டிய பல்லால் முறுக்குக் கடித்தார்கள். பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

வீட்டில்தான் நிலைமை சரியில்லை. என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். அந்த வருஷம் ஆழத்தில் காதுச் சவ்வு கிழிந்து ரத்தத்தோடு கரையேறினார். இனிமேல் தண்ணீருக்குள் தலையை முக்கவே கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து மனுஷன் கட்டிலே கதியென்று கிடந்தார். கூட்டாளிகள் தோணியேறுவதைப் பார்க்கப் பிடிக்காமல் கடற்கரைப் பக்கமே போகமாட்டார். சோறு வைத்தால் தின்பார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். சண்டைக்கு இழுத்துப் பார்த்தேன், அதற்கும் வரவில்லை. இப்படியே விட்டால் இவர் எழுந்திருக்கவே மாட்டார்.

"சும்மா கெடக்குறதுக்குத் தூண்டிலாவது போடுங்களேன்" என்றேன் ஒருநாள்.

"குளிகாரன் கடல் பாலத்துல குந்தி, இறால் கோத்துத் தூண்டில் போடவா? பாக்குறவன் சிரிப்பாம்ளா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறால் கோப்பதுதானே கௌரவக் குறைச்சல்? அந்த வாரம் கடைவாய்ப்பல் பிடுங்க வந்த ஒரு கப்பல் இன்ஜினியர், வலி போன சந்தோஷத்தில் டாக்டருக்கு ஒரு பொய் மீனைக் கொடுத்துவிட்டுப் போனார். விரல் நீளம், ரப்பர் மாதிரி வளவளவென்று இருந்தது. அதன் வயிற்றில் தூண்டில் முள்ளைச் செருகி இழுத்தால் பெரிய மீன் துரத்தி வந்து கவ்வுமாம். டாக்டர் அதை மருந்துச் சீட்டுகள் பறக்காமலிருக்க மேஜையில் வைத்துக்கொண்டார். நான் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். நடுவில் அச்சு சேர்ந்த கோடு தெரிந்தது. அட, இது என் வேலையல்லவா!

வீட்டுக்குச் சாளை மீன் வாங்கிப் போய், அதைப் பார்த்து மெழுகில் செதுக்கினேன். செதில் செதிலாகக் கீறினேன். கொத்தனார்கள் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி டப்பாவில் போட்டு, டப்பாவை அடுப்புச் சட்டியில் கொதிக்கிற மணலுக்குள் புதைத்தேன். நேரே தீயில் வைத்தால் கருகிப்போகும். அது இளகி அல்வா பதம் வந்ததும் அச்சில் அடைத்து அழுத்தினேன். வாசல், ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தும் புகை தொண்டையைக் கமறியது. ஆனால் வெளியே வந்த மீன் இருக்கிறதே, கண்பட்டுவிடும் போல இருந்தது. முதுகில் நகப்பூச்சு வேறு பூசினேன்.

கட்டிலில் அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன். "என்ன பாக்குதீய? எப்படி இருக்கு?"

"செத்த மீனு" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கண்ணைத் தொறந்து பாத்துட்டுச் சொல்லுங்க!"

"ஏளா, நீ மீனைக் கூடையில பாத்தவ. வால் வெறச்சுக் கெடக்கு பாரு. பிறவு, முதுகுக்கு எதுக்குச் சாயம்? பாறை மீனு கீழ கெடந்து மேல பாக்கும். அதுக்குத் தெரியுறது வயிறு. வெயில்ல வயிறு மின்னும் பாரு, அதைப் பாத்துத்தான் பாயும்."

அத்தனை மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். கோபம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். நான் காட்டிக்கொள்ளவில்லை. "வாய் பேசுறது லேசு. வந்து செஞ்சு காட்டுங்க" என்று மெழுகையும் கத்தியையும் கட்டிலில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால் மனுஷன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருக்கிறார்.

வாலுக்கு முன்னால் இடுப்பை ஒடுக்கினார். வால் நுனியைச் சின்னத் துடுப்பு மாதிரி அகட்டினார். வயிற்றுக்கு நான் வழி கண்டுபிடித்தேன். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைக் கத்தரித்து, பிளாஸ்டிக்கோடு அச்சுக்குள் வைத்துவிட்டேன். உள்ளேயிருந்து வெள்ளியாக மின்னியது. அச்சு நன்றாகக் காய வேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவருக்குப் பொறுமை ஏது? ஈர அச்சில் அடைத்ததில் மீன் உடம்பெல்லாம் பூரி மாதிரி உப்பி வந்தது. "பொறுங்கன்னு சொன்னா கேக்குதீயளா?" என்று கத்தினேன். அவரும் பதிலுக்குக் கத்தினார். பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோவென்று ஓடி வந்து, இரண்டு பேரும் ஒரு மீனுக்காகச் சண்டை போடுவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்ததை வெயிலில் காய்ந்த அச்சில் வார்த்தோம். அண்டா நிறையத் தண்ணீர் விட்டு, தங்கூசி நைலான் நரம்பில் கட்டி மெதுவாக இழுத்தார். வால் இரண்டு பக்கமும் அடித்தது, வயிறு மின்னியது. அவர் திரும்பத் திரும்ப இழுத்தார். நான் அண்டாவைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டி, மீனையும் நரம்புச் சுருளையும் எடுத்துக்கொண்டார். "பாலத்து முனை வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் திரும்பி உட்கார்ந்துவிடுவாரோ என்று பயம். எனக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அடுப்பில் வைத்த உலையைக்கூட மறந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சி வெயிலில் வந்தார். முகமெல்லாம் கறுத்து, கை வெறுங்கை. உள்ளங்கையில் நரம்பு அறுத்த கோடு.

"போச்சுளா! இம்மாம் பெரிய பாறை! கவ்வுனதும் கல்லுக்குள்ள இழுத்து நரம்பை அறுத்துட்டு, நம்ம மீனையும் கொண்டுட்டுப் போயிட்டு. கூட நின்ன பயலுவ எல்லாம் பாத்தானுவ. என்ன மீன்ளா அது!"

நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூடியும் நிற்கவில்லை. பாடுபட்டு வார்த்த மீன் போய்விட்டதே என்று அழுகிறேனாக்கும் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார்.

"அழாதளா. இன்னைக்கு இன்னொண்ணு வாத்துத் தா. நாளைக்கு வெள்ளனப் போயி அவனைப் பிடிச்சிட்டு வந்துருதேன்."