யாரும் துரத்தாத ஓட்டம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சும்மா ஓடிய முதல் ஆள் என் சித்திதான். இரண்டாவது ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

சித்தி அம்மாவின் தங்கை. சுற்றுலாக்காரர்கள் வரும் எல்லவில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை அவளுக்கு. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, பெயின்ட் அடிக்கிறோம் என்று அந்த ஹோட்டலை ஒரு மாதம் மூடிவிட்டார்கள். சித்தி பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊரான பூனாகலைக்கு, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தாள். எனக்கும் பள்ளிக்கூட விடுமுறை. அவள் பைக்குள் ஊதா நிறத்தில் ஒரு ஜோடிச் சப்பாத்து இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் வேண்டாம் என்று அறையில் விட்டுப்போனதாம். சித்தியின் காலுக்கு அது கொஞ்சம் பெரிசு. நுனியில் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்திருந்தாள்.

"அங்க தங்குறவங்க காலையில எந்திரிச்சு ஓடுறாங்கக்கா" என்று அம்மாவிடம் சொன்னாள்.

"எங்க ஓடுறாங்க?"

"எங்கயும் இல்ல. ஓடிட்டுத் திரும்பி வந்துர்றாங்க."

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்குகிறவளுக்கு இது எப்படிப் பிடிபடும்? "ஏன், பஸ்ஸ விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். சித்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் ஓடப் போனாள். நானும் வருவேன் என்று அழுது புரண்டேன். அம்மா கடைசியில் ஒப்புக்கொண்டாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு. "யாராச்சும் ஒரு வார்த்தை குறை சொன்னாங்கன்னா அன்னைக்கோட நிப்பாட்டிருவேன். சித்திக்கும் சேத்துத்தான்."

அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வது! நான் வெறுங்கால். முன்னால் சித்தியின் ஊதாச் சப்பாத்து தப்புத் தப்பென்று போகும். தேயிலைச் செடிகளில் இருந்த பனியெல்லாம் என் முழங்காலில் வந்து ஒட்டும். முதல் நாள் நாலு லயம் தாண்டுவதற்குள் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் கொழுந்து அரைக்கும் ஸ்டோர் வரைக்கும் போனேன். ஒரு வாரத்தில் மேட்டு வளைவு என் கைக்குள், அதாவது காலுக்குள், வந்துவிட்டது. நாய்கள் குரைத்துக்கொண்டு கூடவே வந்து, அலுத்துப்போய் நின்றுவிடும். ஏற்றத்தில் நெஞ்சு அடைக்கும், இதோடு செத்தோம் என்று தோன்றும், அதைத் தாண்டி இன்னும் பத்து எட்டு வைத்தால் திடீரென்று உடம்பு லேசாகிவிடும். எதற்கென்றே தெரியாமல் சிரிப்பு வரும். தண்ணி எடுக்கவும் விறகு பொறுக்கவும் கடைக்குப் போகவும் எத்தனையோ தடவை நடந்த பாதைதான். ஒரு காரணமும் இல்லாமல் அதில் போவது இவ்வளவு சந்தோஷம் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. மலை உச்சியில் இருக்கும் பெரிய பாறை வரைக்கும் நிற்காமல் ஓட வேண்டும். பாதி ஏற்றத்தில் நான் நின்றுவிடுவேன், எனக்காகச் சித்தியும் நின்றுவிடுவாள். இரண்டாவது சனிக்கிழமை நல்ல குளிர். சித்தி சால்வையைத் தலையோடு சுற்றிக் கட்டிக்கொண்டாள், எனக்கும் ஒரு துவாயைச் சுற்றிவிட்டாள். அன்றைக்கு நான் நிற்கவில்லை. பாறையைக் கையால் தொட்டேன். மேகம் விலகியிருந்தது. கீழே தூரத்தில் மொனராகலைப் பக்கத்துச் சமவெளி வெயிலில் கிடந்தது.

"தொட்டுட்டே புள்ள!" என்று சித்தி கத்தினாள். நானும் கத்தினேன். இரண்டு பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு, வீறிட்டுக் கத்திக்கொண்டு, தேயிலைக்கு நடுவே சரிவில் இறங்கி ஓடினோம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் மலைகளில் பாறை இடுக்கிலும் மரத்திலும் குளவி கூடு கட்டும். கலைந்தால் கூட்டமாக வந்து கொட்டும். அதற்கு முந்திய மாதம்தான் பக்கத்து டிவிஷனில் கொட்டு வாங்கிய பெண்களை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். அதனால் மலையில் யாராவது ஓடினால் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. கூடையைப் போட்டுவிட்டுக் கூடவே ஓட வேண்டும். தலையை மூடிக்கொண்டு கையை வீசிக் கத்தியபடி ஓடுகிறவர்களைப் பார்த்தால் சொல்லவே வேண்டாம். அன்றைக்குக் கொழுந்து எடுக்க ஆட்களை அந்த மலையில்தான் விட்டிருந்தார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

"குளவி! குளவி!" என்று கீழே ஒரு குரல் கேட்டது. அடுத்த நொடியில் சரிவு முழுக்கக் கூடைகள் உருண்டன. பெண்கள் செடிகளை மிதித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துப் பாய்ந்தார்கள். எப்போதும் பிரம்பும் அதட்டலுமாக நிற்கும் கங்காணி அத்தனை பேருக்கும் முன்னால், ஒற்றைச் செருப்போடு போய்க்கொண்டிருந்தார். நிஜமாகவே குளவி வருகிறதாக்கும் என்று நினைத்து நாங்களும் இன்னும் வேகமாக ஓடினோம்.

அப்போது ஒரே ஒரு ஆள் எதிர்ப்பக்கமாக ஏறி வருவது தெரிந்தது. அம்மா. என்னிடம் வந்த வேகத்தில் என்னைச் செடிகளுக்கு நடுவே தண்ணி போக வெட்டிய கானுக்குள் தள்ளினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்கை உருவி, அந்தத் தடித்த பிளாஸ்டிக்கை என் மேல் போட்டு, அதன் மேல் அவளே குப்புற விழுந்தாள். எனக்கு மூச்சு முட்டியது. வாயெல்லாம் மண்.

"அக்கா! என்னக்கா?" என்றது சித்தியின் குரல்.

"படு புள்ள கீழ! மூஞ்சிய மூடு!"

"எங்கக்கா குளவி? நாங்க சும்மா ஓடி வந்தோம்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். என் கையையும் காலையும் கழுத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முதுகில் பலமாக ஒன்று வைத்தாள்.

கீழே இருந்தவர்களுக்குச் சங்கதி தெரிந்ததும் மலையே சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் கங்காணி. "கொழுந்தெல்லாம் கொட்டிப்போச்சு, யாரு பதில் சொல்றது?" என்று குதித்தார். மற்றவள் அம்மா. குறை வந்துவிட்டது, இனி ஓட்டம் போச்சு என்று சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உச்சியைத் தொட்ட அதே நாளில் எல்லாம் முடிந்துவிட்டதே!

காப்பாற்றியது கீழ் லயத்து அத்தை. சிந்திய கொழுந்தை அள்ளிக்கொண்டே, "ஓடட்டுமே கங்காணி, உங்களுக்கும் நல்ல ஓட்டம் வருதுன்னு இன்னைக்குத்தானே தெரிஞ்சுச்சு" என்றாள். அவர் முகம் போன போக்கில் எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள். "மலைக்குள்ள வந்தா சும்மாதான் ஓடுறோம்னு சத்தம் போட்டுச் சொல்லிட்டு ஓடுங்க."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் படங்கை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். "சத்தமா சொல்லணும்" என்றாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கொழுந்து எடுக்கும் ஒவ்வொரு மலையிலும் "சும்மாதான்!" என்று கூவிக்கொண்டே ஓடினோம். தேயிலைக்குள் இருந்து "ஓடு, ஓடு!" என்று பதில் வரும். அந்தச் சத்தத்துக்கே கால் ரெண்டு மடங்கு வேகம் எடுக்கும். ஹோட்டல் திறந்து சித்தி போன பிறகும் நான் தனியாக ஓடினேன். இப்போது பதுளையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஊர் எழுந்திருக்கும் முன் இன்னும் ஓடுகிறேன்.

அந்தக் குளவிக் கதையைப் பள்ளிக்கூடத்தில் பல வருடம் சொல்லிச் சிரிக்க வைத்தேன். கதையில் கடைசிச் சிரிப்பு எப்போதும் அம்மாவுக்குத்தான். "எல்லாரும் கீழ ஓடுறாங்க, எங்கம்மா மட்டும் வழி தெரியாம குளவி இருக்கிற பக்கமா ஓடுறாங்க!" அம்மாவிடமும் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். "ஆமா, அவசரத்துல பக்கம் தெரியல" என்று அவளும் சிரிப்பாள். நானும் நம்பினேன்.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அந்தச் சரிவில் ஏறி ஓடிப் பார்த்தேன். அம்மா அன்று கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற தேயிலை நிரையிலிருந்து, அவள் என்னைத் தள்ளிய கான் வரைக்கும். நல்ல சப்பாத்து போட்டிருந்தேன், இத்தனை வருடப் பழக்கமும் இருந்தது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அவள் ரப்பர் செருப்போடு, கனத்த படங்கோடு, நிற்காமல் வந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கம் நன்றாகவே தெரிந்திருந்தது. அங்கே குளவி இருக்கிறது என்று நம்பித்தான் மேலே ஓடி வந்தாள். ஒன்பது வயதில் எனக்கு முதுகில் விழுந்த அடி மட்டும்தான் தெரிந்தது.